பம்பரம் போட்டுக்கொண்ட ஊசி

அந்தக் குடியிருப்பில் அவளைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் யாருமில்லை. எல்லாருக்கும் அவள் பம்பரம்தான். பட்டம் வைத்தது அவள் புருஷன். பஸ் பணிமனையில் மெக்கானிக். "எவ்வளவு பெரிய வண்டியா இருந்தாலும் பிரேக் போட்டு நிறுத்திடுவேன். இவளுக்கு எங்க பிரேக் இருக்குன்னு இன்னும் கண்டுபிடிக்க முடியல" என்று கல்யாணமான புதிதில் சொன்னான். அது மாடிப்படி வழியாக இறங்கி, கட்டிடம் முழுக்கப் பரவிவிட்டது.

தரைத்தளத்தில் அவளுக்கு ஒரு பார்லர் இருந்தது. இரண்டு நாற்காலி, தலை அலச ஒரு தொட்டி, சுவர் முழுக்க ஒரே கண்ணாடி. குடியிருந்தது மூன்றாம் மாடியில். ஒருத்தி தலையில் சாயம் பூசிவிட்டால் அது ஊறும் நேரத்துக்குள் மேலே ஓடிப்போய்த் துணியைக் காயப்போட்டுவிட்டு, வரும் வழியில் இரண்டாம் மாடி நாத்தனாரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வந்து நிற்பாள். சாயம் பூச வந்தவள் கண்ணைத் திறந்து பார்க்கும்போது பம்பரம் எங்கேயும் போகாதவள் மாதிரி சீப்பைத் துடைத்துக்கொண்டிருப்பாள். கை ஓடிக்கொண்டே இருக்கும், வாயும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வட்டாரத்தில் யாருக்கு என்ன நடந்தாலும் முதலில் அந்தக் கண்ணாடிக்கு முன்னால்தான் பேசப்படும்.

அந்த வருஷம் ஒரு புதுக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் இறங்கி மூச்சைப் பிடிக்கிற காய்ச்சல். கடைகளை மூடச் சொன்னார்கள். பார்லரும் மூடியது. வீட்டோடு அடைந்து கிடப்பது மற்றவர்களுக்குக் கஷ்டம் என்றால், பம்பரத்துக்கு அது தண்டனை. முதல் வாரம் மின்விசிறிகளைக் கழற்றித் துடைத்தாள். அடுத்த வாரம் பீரோவை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்தினாள். பிறகு மறுபடி இந்தச் சுவருக்கே கொண்டுவந்தாள். கத்தரிக்கோல் பிடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? புருஷன் தலையில் வெட்டி வெட்டி, கடைசியில் வெட்ட ஒன்றும் மிச்சமில்லாமல் அவன் வீட்டுக்குள்ளேயே தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அப்போதுதான் அந்த நர்ஸ் போன் செய்தாள். மாதம் தவறாமல் முடி வெட்ட வருகிறவள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை.

"அக்கா, இந்தக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி சோதனை ஆரம்பிக்கிறோம். உடம்பு நல்லா இருக்கிறவங்க வேணும். வர்றீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல."

"வெளிய வரணுமா?"

"ஆமா, ஆஸ்பத்திரிக்கு வரணும். அப்பப்ப வந்து ரத்தம் கொடுக்கணும்."

"அப்போ வரேன் சிஸ்டர். இந்த வீட்டை விட்டு வெளிய போக ஒரு காரணம் கிடைச்சா போதும் எனக்கு."

நாட்டுக்குச் சேவை, ஊருக்கு நல்லது என்றெல்லாம் அவள் மனத்தில் அன்று எதுவும் இல்லை. பிற்பாடு யாராவது அப்படிப் புகழ்ந்தபோது அவள் மறுக்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இரண்டு தவணை மருந்து, பாதிப் பேருக்கு இரண்டு தவணையும் வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது, போடுகிறவருக்கும் தெரியாது. அதனால் எப்போதும் போல ஜாக்கிரதையாகத்தான் இருக்க வேண்டும். புரிந்ததா என்று பார்க்க, பம்பரத்தையே திருப்பிச் சொல்லச் சொன்னாள். பம்பரம் கடகடவென்று ஒப்பித்தாள். அன்று சாயங்காலம் ஊசி போட்ட கை லேசாகக் கனத்தது. தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "மருந்துதான், சந்தேகமே இல்ல" என்று புருஷனிடம் சொன்னாள். அந்த நிமிஷத்திலிருந்து உப்புத் தண்ணீர் அவள் ஞாபகத்தை விட்டே போய்விட்டது.

கட்டிடத்தில் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? மாடிப்படியில் இறங்கினால் நாலு கதவு திறந்தது.

"நெஜமாவே போட்டுக்கிட்டீங்களா?"

"போட்டுக்கிட்டேன்."

"ஒண்ணும் ஆகலையா? என்னென்னமோ ஆகும்ங்கறாங்களே."

"வால் முளைச்சிருக்கான்னு நீங்களே பாத்துக்குங்க" என்று திரும்பி நின்று காட்டினாள். சிரிப்பு மேல்மாடி வரை கேட்டது.

முதல் நாள் நாத்தனாரிடம், "ரெண்டு விதமா போடறாங்க தெரியுமா..." என்று ஆரம்பிக்கத்தான் செய்தாள். நாத்தனார் இடைமறித்து வேறு எதையோ கேட்டாள். பேச்சு திசை மாறிவிட்டது. அப்புறம் அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல, அந்த ஒரு வரி இல்லாமலேதான் அது நன்றாக இருந்தது. பொய் என்று அவள் எதையும் சொல்லவில்லை. யாரும் கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் குடியிருப்புச் சங்கச் செயலாளரின் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. செயலாளர் ஒரு அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், சட்டதிட்டம் பேசுகிறவர். மனைவியை உள்ளறையில் படுக்க வைத்துவிட்டு, வாசற்படியில் நின்றபடியே தண்ணீர்ப் பாட்டிலைத் தரையில் உருட்டிவிடுவார். அவர் பயம் அவருக்கு. வேறு யாரும் அந்தத் தளத்துக்கே போகவில்லை. பம்பரம் போனாள்.

"எனக்குத்தான் ஊசி போட்டாச்சே" என்று சொல்லிக்கொண்டு நேராக உள்ளே நுழைந்தாள். சூப் வைத்துக் கொடுத்தாள். வியர்வையில் சிக்குப் பிடித்துத் திரிதிரியாகக் கிடந்த தலைமுடியை வெந்நீரில் அலசி, மடியில் வைத்து மெல்ல மெல்லச் சிக்கெடுத்தாள். அந்த அம்மாள் இருமியபோதெல்லாம் மூச்சு இவள் முகத்தில் பட்டது. முகமூடிகூடப் பாதி நேரம் மோவாயில்தான் தொங்கியது. அம்மாள் பிழைத்து எழுந்தாள். எழுந்த பிறகு எல்லாரிடமும், "அவ வரலேன்னா நான் இல்ல" என்றாள்.

சில மாதங்களில் சோதனை முடிந்தது, மருந்து நல்லது என்று அறிவித்தார்கள். டிவியில் ஒரு கருத்துக் கணிப்பு காட்டினார்கள். தடுப்பூசியை ஒழுங்காகத்தான் சோதித்திருக்கிறார்கள் என்று பத்துப் பேரில் ஏழு பேர் நம்புகிறார்களாம்.

புருஷன் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். "இந்த ஏழு பேர் எங்கடி இருக்காங்க? நான் பாக்கறவன் எல்லாம் அந்த மிச்ச மூணு பேராவே இருக்கான்."

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. கட்டிடத்தில் அப்போது அரைகுறை நம்பிக்கைதான். நாத்தனார்தான் ரொம்பத் தயங்கினாள். பள்ளிக்கூடம் ஒன்றில் அலுவலக வேலை, எதையும் இரண்டு தடவை கூட்டிப் பார்க்கிற சுபாவம். "இவ்வளவு சீக்கிரம் எப்படி அண்ணி முடிச்சாங்க? எங்க ஸ்கூல் முன்னாடி ஒரு சின்னப் பாலம். நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து கட்டிக்கிட்டே இருக்காங்க."

"பாலம் வேற, இது வேற. என்னைப் பாரு. குத்துக்கல்லாட்டம் நிக்கறேன்ல?"

நிறையப் பேர் சம்மதித்தால் ஊசி போடும் வண்டி கட்டிடத்துக்கே வரும், ஆளுக்கு இரண்டு ஊசி, இரண்டு தடவை என்றார்கள். செயலாளர் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம் வைத்தார். "பெரும்பான்மை எதுவோ அதுதான் முடிவு. வேணும்ங்கறவங்க கை தூக்குங்க" என்றார்.

ஒரு கையும் எழவில்லை. ஆனால் எல்லாத் தலையும் திரும்பியது. பம்பரம் அதைக் கவனித்தாள். அத்தனை பேரும் பார்த்தது அவளைத்தான். அவள் கையைத் தூக்கினாள். பக்கத்தில் நாத்தனார் தூக்கினாள். அப்புறம் வரிசை வரிசையாகக் கைகள் எழுந்தன. பின்வரிசையில் இருந்தவர்கள் முன்வரிசையைப் பார்த்துத் தூக்கினார்கள். செயலாளர் பேனா முனையால் காற்றில் குத்திக் குத்தி எண்ணிவிட்டு, "தீர்மானம் நிறைவேறியது" என்றார். பம்பரத்துக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

வண்டி வந்தது. போட்டுக்கொண்டார்கள். மறுநாள் கட்டிடத்தில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். நாத்தனாருக்குக் கை வீங்கி, உடம்பு தூக்கிப் போட்டது. இரண்டு நாளில் எல்லாருக்கும் சரியாகிவிட்டது. ஆனால் பேச்சு சரியாகவில்லை.

அரசல் புரசலாக அது பம்பரத்தின் காதுக்கும் வந்தது. பம்பரத்துக்கு ஒண்ணுமே ஆகலையே, நமக்கு மட்டும் ஏன்? சோதனைக்குப் போனவங்களுக்கு நல்ல சரக்கு, நமக்கு வண்டியில வந்தது கழிச்சுக்கட்டின சரக்கு. நாத்தனார் அதையே நேருக்கு நேர் கேட்டாள்.

"உங்களுக்குப் போட்டது வேற, எங்களுக்குப் போட்டது வேறயா அண்ணி?"

"சேச்சே. ஒரே மருந்துதான். எனக்கும் அன்னிக்குக் கை கனத்துச்சு."

"கனத்துச்சா? எனக்குக் கையே என்னுது இல்லாத மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது ஊசிக்கு நான் வரப்போறதில்ல."

அந்த வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். மருந்து வெளியே வந்துவிட்டதால், சோதனையில் இருந்தவர்களில் யாருக்கு எது போட்டது என்று சொல்லிவிடப் போகிறார்களாம். பம்பரம் துள்ளிக்கொண்டு போனாள். நர்ஸ் கணினித் திரையைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்களுக்குப் போட்டது உப்புத் தண்ணி."

"இல்ல சிஸ்டர். நல்லாப் பாருங்க. எனக்குக் கை கனத்துச்சே."

"ஊசின்னு மனசுல பட்டாலே நெறையப் பேருக்குக் கை கனக்கும். தப்பே இல்ல."

பம்பரத்துக்கு முதலில் கட்டிடம் ஞாபகத்துக்கு வரவில்லை. சிக்குப் பிடித்த அந்தத் தலைமுடிதான் வந்தது. தன் விரல்கள் அதற்குள் போய் வந்தது, முகத்தில் பட்ட அந்த மூச்சு, மோவாயில் தொங்கிய முகமூடி. எதுவும் இல்லாமல், வெறும் உப்புத் தண்ணீரோடு அந்த அறைக்குள் போய் உட்கார்ந்திருந்திருக்கிறாள். எத்தனையோ மாதத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய பயம் இப்போது மொத்தமாக வந்தது. நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள்.

"அப்போ நான் வந்து போனது எல்லாம் வீணா சிஸ்டர்?"

"யார் சொன்னா? உப்புத் தண்ணி போட்டவங்கள்ல நெறையப் பேருக்கு அந்த மூச்சுக் காய்ச்சல் வந்துச்சு. மருந்து போட்டவங்கள்ல கொஞ்சம் பேருக்குத்தான் வந்துச்சு. அந்த வித்தியாசத்தை வெச்சுத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிட்டோம். நீங்க இல்லேன்னா எதோட ஒப்பிடறது? ஆனா ஒண்ணு அக்கா, ஆயிரக்கணக்குல ஆள் இருந்தாத்தான் அதைச் சொல்ல முடியும். ஒரு ஆளை வெச்சு எதுவுமே சொல்ல முடியாது."

கடைசி வாக்கியம் பம்பரத்துக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. ஒரு ஆளை வைத்துத்தானே ஒரு கட்டிடமே கை தூக்கியது?

"இன்னிக்கே நெஜ மருந்து போட்டுடலாமா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"இன்னொரு நாள் வரேன்" என்று எழுந்துவிட்டாள். பஸ்ஸில் வரும்போதுதான் அவளுக்கே உறைத்தது. பயந்துவிட்டாள். ஊரையெல்லாம் போட்டுக்கொள்ளச் சொன்னவளுக்கு, தனக்கு என்று வந்ததும் கையை நீட்ட மனம் வரவில்லை. இத்தனை நாள் காட்டிய தைரியம் எதன்மேல் நின்றது என்று நினைக்க நினைக்க, உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள்.

புருஷன் விஷயத்தைக் கேட்டதும் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்தபோது அவன் முகம் மாறியிருந்தது.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே. ரெண்டாவது ஊசிக்கு வண்டி வருது. நீ வாயத் தொறந்தா பாதிப் பேர் வரமாட்டான்."

"உன் தங்கச்சி இப்பவே வரமாட்டேங்கறா. ஏன்னு தெரியுமா? எனக்கு ஒண்ணும் ஆகல, அவளுக்கு மட்டும் காய்ச்சல் வந்துச்சாம். எனக்கு ஏன் வரலேன்னு இப்ப எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது."

"சொன்னா நம்பிடுவாளா?"

"தெரியல."

"நல்லதுதானே நடந்திருக்கு? எல்லாரும் போட்டுக்கிட்டாங்க. அதை ஏன் போய்க் கலைக்கற?"

"கலைக்கணும்னு எனக்கென்ன ஆசையா? என்னைப் பாத்துக் கை தூக்கினாங்க. என் கையில ஒண்ணுமே இல்ல."

அவன் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அவன் சொன்னது தப்பு என்றும் அவளால் சொல்ல முடியவில்லை. சொன்னால் சிலர் வராமல் போவார்கள், சொல்லாவிட்டால் வேறு சிலர் வராமல் போவார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கதவு அடைத்துக்கொண்டது. கட்டுப்பாடு தளர்ந்து பார்லரை மறுபடி திறந்திருந்தாள், ஆனால் கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. நெற்றி முடியைக் கொஞ்சம் குறைக்க வந்த கல்லூரிப் பெண்ணுக்குப் புருவத்துக்கு மேலே வெகுதூரம் ஏற்றிவிட்டாள். அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்து அழுதேவிட்டாள். தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு மறந்து, கடை முழுக்க ஈரம். சாயம் பூச வந்தவர்களுக்கு முதல் நாளே காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து, அரிக்கிறதா என்று பார்ப்பது அவள் வழக்கம். பொட்டு வைத்த ஒருத்தி, "எல்லாருக்கும் ஒத்துக்கறதுதானே, எனக்கு எதுக்கு?" என்றாள். "உங்களுக்கு ஒத்துக்குதான்னு உங்க காதுலதான் பாக்கணும்" என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு அவளுக்கே என்னவோ போல் இருந்தது.

அன்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணி, நான் டிவியைப் பாத்துக் கை தூக்கல. டாக்டரைப் பாத்துத் தூக்கல. உங்களைப் பாத்துத் தூக்கினேன்."

"தெரியும்."

"ரெண்டு விதம் இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?"

"தெரியும். மறந்துட்டேன்னு சொல்லலாம். ஆனா மறக்கறது எனக்கு வசதியா இருந்துச்சு."

நாத்தனார் துணியை மறுபடி மடித்தாள். மடித்ததைப் பிரித்து இன்னொரு தடவை மடித்தாள். "என்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? கீழ உக்காந்து கை தூக்கினது நான் ஒருத்தியா?"

இரண்டாவது ஊசிக்கு முன்னால் செயலாளர் மறுபடியும் கூட்டம் போட்டார். பம்பரம் நர்ஸையும் வரச் சொல்லியிருந்தாள். நாற்காலிகள் நிறைந்ததும் எழுந்து நின்றாள். பேச்சே தொழிலாக இருந்தவளுக்கு அன்று வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வந்தது. சொல்லி முடித்தாள்.

பின்னாலிருந்து ஒருவர், "அப்போ நாங்கதான் சோதனை எலியா?" என்றார்.

"இல்லீங்க. எலி நான். அதுலயும் மருந்து இல்லாத எலி."

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. செயலாளரின் முகம் சிவந்துவிட்டது. "உங்களை நம்பி இந்தக் குடியிருப்பே ஒரு முடிவு எடுத்துச்சும்மா. இப்படிப் பண்ணிட்டீங்களே."

நாத்தனார் எழுந்தாள். அண்ணிக்காகப் பேசுகிற குரலில் அவள் பேசவில்லை. "சார், அன்னிக்கு நீங்க கை தூக்கினீங்களா?"

"நான் எண்ணிக்கிட்டு இருந்தேன்."

"அதான் கேக்கறேன். தூக்கினீங்களா?"

"எண்றவன் எப்படிம்மா தூக்குவான்?"

நர்ஸிடம் கேள்விகள் போயின. காய்ச்சல் ஏன் வருகிறது, எத்தனை பேருக்கு வந்தது, யாருக்காவது மோசமாக ஆனதா? அவள் தெரிந்ததைச் சொன்னாள். மோசமாக ஆனவர்கள் மிகச் சிலர், ஆனால் இருக்கிறார்கள் என்றாள். "நூத்துக்கு நூறு பாதுகாப்புன்னு எழுதிக் கொடுப்பீங்களா?" என்று ஒருவர் மடக்கினார். "மாட்டேன். எந்த மருந்துக்கும் யாராலயும் அப்படி எழுதிக் கொடுக்க முடியாது" என்றாள். அதைக் கேட்டுச் சிலர் நாற்காலியை விட்டு எழுந்துபோனார்கள். சிலர் அதற்குப் பிறகுதான் சாய்ந்து உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்கள்.

மறுபடியும் கை தூக்கச் சொல்லலாம் என்றார் செயலாளர். பம்பரம், "நான் மேல போறேன் சார். இங்க இருந்தா மறுபடி என்னைத்தான் பாப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். வீட்டுக்குள் போகவில்லை. மூன்றாம் மாடி நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். கீழே பேச்சுச் சத்தம் ஏறி இறங்கியது, ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. ஒரு கட்டத்தில் யாரோ கத்தினார்கள். பிறகு நாற்காலிகளை இழுக்கிற சத்தம்.

புருஷன் மூச்சு வாங்க ஏறி வந்தான்.

"என்னாச்சு?"

"கொறைஞ்சு போச்சு. போன தடவை மாதிரி இல்ல. ஆனா பாதிக்கு மேல தேறிடுச்சு. வண்டி வரும்."

"உன் தங்கச்சி?"

"தூக்கினா. யாரையும் திரும்பிப் பாக்கல. கண்ணை மூடிக்கிட்டுத் தூக்கினா. பக்கத்துல இருந்தவங்க கேட்டதுக்கு, எனக்குக் காய்ச்சல் வந்துச்சு, அண்ணிக்கு வரல, அப்போ என் ஊசியிலதான் மருந்து இருந்திருக்குன்னா."

வண்டி வந்த அன்று பம்பரமும் வரிசையில் நின்றாள், முதல் ஊசிக்கு. முன்னால் நாத்தனார், இரண்டாவது ஊசிக்கு. அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. வரிசை நகர நகர பம்பரம் முந்தானையை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தாள். நாத்தனார் திரும்பிப் பார்த்தாள்.

"பயமா இருக்கா அண்ணி?"

"ஆமா."

"எனக்கும் அன்னிக்கு இருந்துச்சு" என்றாள் நாத்தனார். வரிசையில் ஒதுங்கி, அண்ணியைத் தனக்கு முன்னால் விட்டாள்.

மறுநாள் பம்பரத்துக்கு நல்ல காய்ச்சல். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே போனை எடுத்து, "எனக்கும் வந்துடுச்சு!" என்றாள். "பரிசு விழுந்த மாதிரி சொல்றீங்க" என்று மறுமுனையில் நாத்தனார் சிரித்தது கேட்டது. பல நாட்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

பார்லருக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். சிலர் எதிர்ப்பக்கம் திறந்த புதுக் கடைக்குப் போனார்கள். அந்த வழியாகப் போகும்போது கண்ணாடிக் கதவைப் பார்க்காத மாதிரி போனார்கள். சிலர் முன்பைவிட அதிகம் வந்தார்கள். வந்தவர்கள் எது கேட்டாலும், குழந்தைக்கு இந்த ஊசி போடலாமா, அந்த மாத்திரை நல்லதா என்று கேட்டால், அவள் நர்ஸின் போன் நம்பரைத்தான் கொடுத்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்களேன்" என்று வற்புறுத்தினால், "எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு கைதாங்க. அதை வெச்சு என்ன சொல்றது?" என்பாள். கேட்டவர்களுக்கு அது பிடிக்கவில்லை.

செயலாளர் இரண்டாவது ஊசிக்கு வரவில்லை. அவர் வராததை அன்று யாரும் கவனிக்கவில்லை. மழைக்காலம் தொடங்கியபோது அவருக்கு அந்தக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்தார். உயிர் தப்பி வந்தார். ஆனால் ஒரு மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பம்பரம் இரண்டு முறை அவர்கள் வீட்டு வாசல் வரை போய், மணியை அழுத்தாமல் திரும்பி வந்தாள்.

ஒரு நாள் செயலாளரின் மனைவியே பார்லருக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். பம்பரம் துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிந்தாள். நுனியை மட்டும் வெட்டச் சொன்னாள் அம்மாள். கண்ணாடியில் இருவர் கண்களும் சந்தித்தன.

"அவரு எப்படி இருக்காரு?" என்று பம்பரம் கேட்டாள்.

"இருக்காரு." கத்தரிக்கோல் ஓடத் தொடங்கியது. "அன்னிக்குக் கூட்டத்துல நீ பேசினப்புறம் வீட்டுக்கு வந்து, இதெல்லாம் நம்ப முடியாது, எனக்கு வேணாம்னுட்டாரு. நீ பேசாம இருந்திருந்தா ரெண்டாவதையும் போட்டிருப்பாரு."

பம்பரத்தின் கை நின்றது.

"போட்டிருப்பாரும்மா" என்றாள் பம்பரம். மறுத்துப் பேச எத்தனையோ இருந்தன. நர்ஸ் வந்து எல்லாம் சொன்னாளே என்று சொல்லலாம், நாத்தனார் போட்டுக்கொண்டாளே என்று சொல்லலாம். அவள் சீப்பை எடுத்து நுனியை வாரினாள்.

"நான் படுத்திருந்தப்ப நீ வந்து என் தலையை அலசினதும் எனக்கு மறக்கல. உன்மேல கோவம் இல்லேன்னு சொல்லிட்டுப் போலாம்னுதான் இறங்கி வந்தேன்." அம்மாள் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டாள். "இங்க வந்து உக்காந்தப்புறம் பாத்தா, இருக்கு."

"இருக்கட்டும்மா" என்றாள் பம்பரம்.

அம்மாள் பெருமூச்சு விட்டாள். பம்பரம் அவள் தலையை மெல்லக் குனிய வைத்து, பிடரியில் ஏறி இறங்கிக் கிடந்த முடியை ஒரே அளவாக வெட்டத் தொடங்கினாள்.